கைராசி மேனேஜர்

அவருடைய கையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். முகம்கூட எனக்கு இப்போது கொஞ்சம் மங்கிவிட்டது, கை மங்கவில்லை. வெளுத்து மெலிந்த கை. நகங்கள் எல்லாம் ஒரே அளவில் வெட்டியிருக்கும். எந்த வேலையைச் செய்தாலும், முடித்தவுடன் நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். கட்டை விரலில் தொடங்கிச் சுண்டு விரலில் முடிப்பார். பிறகு கைக்குட்டை அதே மடிப்போடு பைக்குள் போய்விடும்.

கள்ளக்குறிச்சியில் வீட்டுக் கடன் கொடுக்கிற ஒரு பேங்க்கில் ஆறு வருடம் மேனேஜராக இருந்தவர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், பேங்க் பெயரையும் சொல்ல மாட்டேன். பயத்தினால் அல்ல. நான் யாருக்கும் பயந்தவன் இல்லை என்பது ஊருக்கே தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஒரு ரூபாய் கூலிக்கு மண் சுமந்து, சித்தாளாகி, கொத்தனாராகி, மேஸ்திரி ஆனவன். இன்றைக்கு என்னிடம் அறுபது பேர் வேலை செய்கிறார்கள், சொந்தமாகச் சிமெண்ட் கடையும் இருக்கிறது. இதில் ஒரு செங்கல்கூட அடுத்தவன் எடுத்துக் கொடுத்தது இல்லை. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள், அதனால்தான் பெயரைச் சொல்லவில்லை.

எதையும் தன் கையால் செய்யவேண்டும் என்பது அவருடைய குணம். பேங்க்கில் பியூன் இருந்தார், ஆனால் ஃபைலை அலமாரியிலிருந்து இவரே எடுப்பார், பின் அடிப்பதும் இவரே. டீ குடித்தால் கிளாஸை இவரே அலசி வைப்பார். ஒருமுறை நான் கேட்டேன், "இதுக்கெல்லாம் ஆளு இருக்குதே சார்." அவர் சொன்னார், "அடுத்தவன் கையில வுட்டா அது வேற வேலையாயிடும் மேஸ்திரி." எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. நானும் பூச்சு வேலையில் கடைசிக் கையை என் கையால்தான் போடுவேன். நம்ம ஜாதி ஆள் என்று நினைத்தேன். தொழில் ஜாதியைச் சொல்கிறேன்.

கைராசி என்ற பேச்சு வந்த கதை இது. வீடு கட்டும்போது நிலைவாசல் நிறுத்துகிற நாளில் குழியில் நவதானியமும் ஒரு காசும் போட்டு, அதன்மேல் நிலையை நிறுத்துவோம். காசை வீட்டுக்காரர் போடுவார், இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துப் பெரியவர் போடுவார். ஏமப்பேரில் ஒரு தையல்காரருக்கு நான் வீடு கட்டினேன். கடன் கொடுத்த மரியாதைக்கு மேனேஜரைக் கூப்பிட்டு அந்தக் காசைப் போடச் சொன்னார்கள். தையல்காரருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகக் குழந்தை இல்லை. காசு விழுந்த மூன்றாம் மாதம் அவர் மனைவி முழுகாமல் இருந்தாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் வராமல் யாரும் நிலை வைக்கவில்லை. மேனேஜருக்கு எந்த நாள் தோதுப்படும் என்று பார்த்துத்தான் ஜோசியர் முகூர்த்தமே குறித்தார். வீட்டுக்காரர்கள் காசை நீட்டினால் இவர் வாங்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய புது ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, "கடன்தான் பேங்க்கோடது, காசு என்னுது" என்று சொல்லி இரண்டு விரலால் குழியில் வைப்பார். நான் நிலையை நிறுத்தியதும் நான்கடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "கோணல் இல்லியே மேஸ்திரி?" என்பார். தூக்குக் குண்டு போட்டு நிறுத்தின நிலை, அதில் கோணல் எங்கிருந்து வரும்? இருந்தாலும் கேட்பார். பெண்கள் அதைப் பார்த்து, "எவ்ளோ அக்கற பாரு" என்று பேசிக்கொள்வார்கள்.

என்னிடம் அவருக்குத் தனி மரியாதை உண்டு, அதற்குக் காரணம் என் கண். ஒரு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் எனக்குப் போதும். கட்ட என்ன ஆகியிருக்கும், விற்றால் என்ன போகும், அவசரத்துக்கு விற்றால் என்ன போகும் என்று மூன்றையும் சொல்லிவிடுவேன். குத்துமதிப்பாகச் சொல்கிறவன் நான் இல்லை. பேங்க்குக்குப் பட்டம் படித்த எஞ்சினியர் இருந்தார். அவர் கணக்கை மேனேஜர் ஃபைலில் வைப்பார், என் கணக்கை மனதில் வைத்துக்கொள்வார். இதைக் கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சின்னப்பொண்ணு கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு கிராமம். மலையில் அவர்களுக்குக் காடு இருந்தது, ஆனால் பட்டா இல்லாத அந்தக் காட்டைக் காட்டி எந்த பேங்க்கிலும் கடன் வாங்க முடியாது. புருசன் வருடத்தில் பாதி நாள் கர்நாடகா காப்பித் தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போய்விடுவான். இவள் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் ரோட்டோரம், ஒரு தகரத்தின் கீழே பலாப்பழமும் புளியும் தேனும் விற்றாள். இப்படிச் சேர்த்த பணத்தில் அங்கேயே ரோட்டின்மேல் இரண்டு சென்ட் மனை வாங்கினாள். பத்திரத்தை பாலிதீன் பைக்குள் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அவள் குடும்பத்தில் பத்திரம் என்ற ஒன்றைப் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

நான்தான் பேங்க்குக்கு அழைத்துக்கொண்டு போனேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மேனேஜரே படிவம் எழுதுவார்.

"மாச வருமானம் எவ்ளோம்மா?"

"அத்த எப்டிங்க சார் சொல்றது? பலா சீசன்ல வரும். மழைல ஈ ஓட்டிக்கினு ஒக்காந்திருப்பேன்."

"சீசன்ல ஒரு மாசம் எவ்ளோ வரும்?"

அவள் சொன்னாள். அவர் எழுதினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். சீசனில் வருகிற பணத்தை ஒவ்வொரு மாதமும் வருகிற வருமானமாக அவர் பேனா எழுதியது. நான் அதைப் பார்த்தேன். இரண்டு அறை, காங்கிரீட் மெத்தை போட்ட வீடு, வேலை எனக்குத்தான் வரப்போகிறது. வாயைத் திறக்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். கோணல் இல்லாமல் போடுவேன். என் கையெழுத்தைப் பார்த்தால் மூன்றாம் வகுப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

நிலைக்கு மரம் அவளே கொண்டுவந்தாள். அப்பன் வைத்த பலா மரம், வெட்டி அறுத்து மலையிலிருந்து டெம்போவில் இறங்கியது. மஞ்சளாக, எண்ணெய் பூசினாற்போல மினுமினுத்தது. மேனேஜர் வந்தார், காசை வைத்தார், "கோணல் இல்லியே மேஸ்திரி?" என்று கேட்டார். எல்லாம் முறைப்படி நடந்தது.

பால் காய்ச்சிய நாளில் முதல் தம்ளரை அவரிடம்தான் கொடுத்தாள். குடித்து, தம்ளரைத் தானே கழுவி வாசல் திண்டின்மேல் கவிழ்த்தார். பிறகு என்னை ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் மேஸ்திரி. இந்த வூட்ட அவசரத்துக்கு வித்தா என்னா போவும்?"

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். எனக்குக் குஷியாக இருந்தது.

"பதிமூணு நாப்பது. கையில காசோட வர்றவனுக்கு."

"கட்டினதே அதுக்கு ஜாஸ்தி ஆச்சே?"

"அவசரம்னா அப்டித்தான் சார். ரோட்டு மேல இருக்கறதால இவ்ளோ. உள்ள தள்ளி இருந்தா பத்துக்கு மேல நயா பைசா போவாது."

"உங்க கண்ணு கண்ணுதான்" என்றார். வீட்டுக்குள் மறுபடி வைத்த பால் பொங்கி அடுப்பில் வழிந்து, பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன்.

இரண்டாம் வருடம் தவணை ஏறியது. வட்டி மாறிவிட்டது என்றார்கள். அதே வருடம் அவள் புருசன் மிளகு ஏணியிலிருந்து விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்தான். மூன்று தவணை நின்றது. ஒருநாள் சின்னப்பொண்ணு கடைக்கு வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒன்றரைத் தவணைக்குப் பணம் இருந்தது. "பலா வர்ற வரைக்கும் டைம் குடுக்கச் சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள்.

நான் சொன்னால் கேட்பார் என்றுதான் நானும் நம்பினேன். அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"டைம் குடுக்கற கட்டமெல்லாம் தாண்டிடுச்சிங்க. இப்ப முழுசா கட்டணும். இல்லன்னா நோட்டீஸ்."

நான் சொன்னேன், "சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. களிமண்ணு பூமின்னு தெரிஞ்சே நான் ரெண்டடில அஸ்திவாரம் போட்டுக் குடுத்து, சுவரு வுழுந்துட்டா, ஊரு என்னைத்தான உதைக்கும்? வூட்டுக்காரனயா உதைக்கும்?"

"உங்களத்தான்."

"இவங்க சீசன் துட்ட மாசா மாசம் வர்றதா எழுதினது உங்க கை."

"கையெழுத்துப் போட்டது அவங்க கை. சாட்சி உங்க கை." கோபமே இல்லாமல், ஏதோ முகவரி சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "அப்பறம் மேஸ்திரி, நீங்க சொன்ன உதாரணம் பொருந்தல. வூடு வுழல. வூடு அப்படியேதான் நிக்குது."

சின்னப்பொண்ணு அந்தப் பணத்தை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கெடு முடிந்து நோட்டீஸ் ஒட்டுகிற நாளில் அவர் ஆள் அனுப்பவில்லை. தன் ஸ்கூட்டரில் தானே வந்தார். பசைகூடத் தன்னுடையது. வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை, சின்ன டிபன் டப்பாவில் கொண்டுவந்திருந்தார். சின்னப்பொண்ணு போன் பண்ணி நானும் போயிருந்தேன். வாசலை அடைத்துக்கொண்டு பலாக்கூடை இருந்தது. அவருக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று அவளே அதை நகர்த்திவைத்தாள். அவர் இரண்டு விரலால் பசை தடவி, நிலைக்குப் பக்கத்துச் சுவரில் காகிதத்தை வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டார். ஒரு சுருக்கம் இல்லை. நான்கடி பின்னால் வந்தார். ஒரு கண்ணை மூடினார்.

"கோணல் இல்லியே மேஸ்திரி?"

என் வாய் சொல்லிவிட்டது, "வலது பக்கம் கொஞ்சம் ஏறிக்கினு இருக்குது சார்."

பசை காய்வதற்குள் இழுத்துச் சரிசெய்தார். "இப்ப?" என்றார். நான் தலையாட்டினேன். ஐம்பது வருடப் பழக்கம், கேட்டால் சொல்லிவிடுகிறது. சின்னப்பொண்ணு என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவள் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். வந்தவர் கை பசையோடு நிற்கிறதே என்றுதான். அவர் கழுவிக்கொண்டு, கட்டை விரலில் தொடங்கித் துடைத்தார்.

அடுத்த மாதம் பேப்பரில் ஏல விளம்பரம் வந்தது. என் கடைக் கணக்குப்பிள்ளை படித்துக் காட்டினான். சர்வே நம்பர், நாலு எல்லை, எல்லாம் படித்துவிட்டு, "ஆரம்ப வெல பதிமூணு லட்சத்து நாப்பதாயிரம் போட்டுக்கீறாங்க மொதலாளி" என்றான்.

"இன்னொரு தபா படி" என்றேன்.

படித்தான். அதே எண்தான். எஞ்சினியர் கணக்கு இப்படி வராது, அவர் பதினாலு, பதினைந்து என்றுதான் போடுவார். பால் குடித்த வாய் ஈரம் காய்வதற்குள் கேட்ட கேள்வி அது. வீட்டுக்கு வயது அன்றைக்கு ஒரு காலைப் பொழுது. அவள் இன்னும் ஒரு தவணைகூடக் கட்டியிருக்கவில்லை, தவறியிருக்கவும் இல்லை.

சாயங்காலம் அவரே போன் செய்தார். "நீங்களே எடுத்துக்கங்க மேஸ்திரி. உங்க கட்டடம், உங்க வெல."

என்னிடம் பணம் இருந்தது. அதை மறைக்கவில்லை. எடுத்திருக்கலாம், எடுத்து அவளையே குடிவைத்திருக்கலாம் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். எடுத்தால் அவர் கணக்கு சரியாகிவிடும் என்ற ஒரு கோபத்தில் நான் ஏலத்துக்குப் போகவே இல்லை. அந்தக் கோபம் எனக்குத்தான் நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது, அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. உளுந்தூர்பேட்டை ஓட்டல்காரர் ஒருவர் எடுத்தார். மலை அருவிக்குப் போகிற வண்டிகளை நம்பிப் பரோட்டா கடை போடத்தான். கடன் கழிந்தது போக அவள் கைக்கு வந்த பணம் புருசன் இடுப்பு வைத்தியத்துக்கே போதவில்லை. இருவரும் மலைக்கே போய் அவள் அண்ணன் வீட்டில் இருந்தார்கள்.

ஓட்டலுக்கு ஷட்டர் வைக்க வேண்டும், நிலையை எடுக்க வேண்டும் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு ஒருவன் கடப்பாரை போடுவதற்குப் பதில் நானே போடுகிறேன் என்று போனேன். கூலி வேண்டாம், மரத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். பழைய மரம்தானே, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் ஓட்டல்காரர். நிலையைச் சாய்த்ததும் கீழே குழி தெரிந்தது. தானியம் எல்லாம் கறுத்துப் பொடியாகியிருந்தது. நடுவில் ஐந்து ரூபாய் நாணயம், மண்ணைத் தட்டியதும் பளிச்சென்று இருந்தது.

நிலையை டெம்போவில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனேன். சின்னப்பொண்ணு மரத்தைத் தடவிப் பார்த்தாள். "கதவு மாட்டின கீலக்கூட நோவாம கழட்டிக்கீறீங்க" என்றாள். நனையாத இடமாகப் பார்த்து மாட்டுக்கொட்டாய்க்குள் வைக்கச் சொன்னாள். நான் நாணயத்தை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"அது எங்குது இல்லண்ணா. அந்த சாரு போட்டது. கடன்தான் பேங்க்குது, காசு என்னுதுன்னு சொன்னாரே. அவருகிட்டயே குடுத்துடுங்க. நாங்க அவருக்குத் தரவேண்டியது ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது."

அதற்குள் அவர் ரிட்டயர் ஆகித் திருக்கோவிலூரில் இருந்தார். விசாரித்துக்கொண்டு போனேன். ஆற்றுக்குப் போகிற தெருவில் ஒரு மாடி வீடு. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார், காப்பியை அவரே கொண்டுவந்தார்.

"சொந்த வூடா சார்?"

"வாடகை."

"கடன் போட்டு ஒண்ணு கட்டியிருக்கலாமே. உங்க கையிலயே இருந்துச்சே."

பல் தெரிய அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். "நானா? கடனா? நல்லா கேட்டீங்க போங்க. அந்தக் கணக்க முப்பது வருசம் போட்டவன் மேஸ்திரி நான்."

நான் கேட்டேவிட்டேன். "பால் காச்சின அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா சார், அந்தம்மாவால கட்ட முடியாதுன்னு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். பொய் சொல்ல யோசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. சரியான சொல்லைத் தேடினார்.

"தெரியும்னு சொல்ல முடியாது. தோணும். எழுதும்போதே தோணிடும். தோணுச்சுன்னா மனை ரோட்டு மேல இருக்குதான்னு பாப்பேன். இருந்தா குடுப்பேன். உள்ள தள்ளி இருந்தா குடுக்க மாட்டேன். என் பிராஞ்சுல ஒரு ரூபா நஷ்டம் கெடையாது, கேட்டுப் பாருங்க."

எத்தனை வீட்டு நிலைக்கு முன்னால் நான் இவர் பக்கத்தில் நின்றேன் என்று விரல் விட்டு எண்ணப் பார்த்தேன். விரல் போதவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து நாணயத்தை எடுத்து மேஜைமேல் வைத்து, எங்கிருந்து வந்தது, யார் கொடுக்கச் சொன்னது என்று சொன்னேன். முகம் மாறும் என்று பார்த்தேன். ஒரு பேச்சு வரும், இல்லை "வெச்சிக்கச் சொல்லுங்க" என்றாவது சொல்வார் என்று பார்த்தேன்.

அவர் அதை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்தார். "பத்திரமா கொண்டாந்தீங்களே" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் விரல்களைத் துடைத்தார்.

படி இறங்கும்போது வாசல்வரை கூடவே வந்தார். தெருவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேஸ்திரி, இந்த வூட்டுக்காரன் கொஞ்சம் நெருக்கடில இருக்கான். நான் ரொக்கமா வெச்சிருக்கேன். நீங்க ஒரு நட பாத்துட்டீங்க. அவசரத்துக்கு வித்தா இது என்னா போவும்?"

கேட்டவுடனே எண் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இருபத்தொன்று அறுபது. சுவரும் மெத்தையும் தெருவும் சேர்த்து, ஆயிரம் ரூபாய் முன்னே பின்னே போகாது.

"தெரியலிங்க சார்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கா தெரியல?"

"தெரியல."

என் தொழிலில் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.